முயல் மூன்று நேரில் வர வேண்டும்

"அப்பா, நம்ம வீட்டு லைட்டு எரியறதுக்கு எதுக்கு வெளியாளைக் கேக்கணும்?"

சிட்டு இதைக் கேட்டபோது அவளுடைய அப்பா ஏணியின் மேல்படியில் நின்றிருந்தார். வாயில் இரண்டு ஆணி. ஆணியோடு பதில் சொல்வது ஆபத்து. அதனால் "ம்ம்" என்றார். பெரியவர்கள் பிள்ளைகளின் நல்ல கேள்விகளுக்கு இப்படித்தான் பதில் சொல்லிவிட்டு, பிறகு ஊரெல்லாம் அலைந்து அதே இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள்.

அவர் டவுன் பஸ் ஓட்டுநர். பஸ்ஸை எடுத்த பிறகு யாராவது கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தால் பிரேக்கில் கால் வைத்துவிடும் குணம் அவருக்கு உண்டு. அதற்காகப் பயணிகளிடம் திட்டு வாங்குவார்; ஓடி வந்தவரும், ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கியபின், அடுத்தவருக்காக நிறுத்தும்போது திட்டுவார். அவர் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. உலகம் மொத்தத்தில் நல்ல இடம், சில கதவுகள் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கின்றன என்பது அவருடைய எண்ணம்.

ஆண்டுக் கடைசி விடுமுறைக்குத் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்குத் தோரணம் போட்டிருந்தார்கள். ஓட்டுநர் வீட்டு விளக்குகள் மட்டும் சாதாரண விளக்குகள் அல்ல. அவருடைய மைத்துனன் அனுப்பிய பரிசு அது. முயல் வடிவத்தில் ஏழு விளக்குகள், ஒரு நிலா, மூன்று நட்சத்திரங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா. அந்த டப்பாக்கள் இணையக் கம்பெனி கொடுத்த ரவுட்டர் வழியாக வீட்டு வைஃபையில் சேர்ந்து, போனிலிருந்து கட்டளை வாங்கி, முறை வைத்து எரிய வேண்டும். முதல் முயல் கேட்டில், இரண்டாவது சுற்றுச்சுவரில், அப்படியே சன்ஷேடு, பால்கனி, மொட்டைமாடி என்று ஏழாவது தண்ணீர்த் தொட்டிமேல், அதற்கும் உயரே நிலா. ஒன்று அணைந்து அடுத்தது எரிந்தால், ஒரே முயல் கேட்டிலிருந்து தாவித் தாவி நிலாவுக்குப் போவதுபோல் தெரியும்.

"ரொம்ப சிம்பிள் அத்தான். சின்னப் புள்ளகூட மாட்டிடும்" என்று மைத்துனன் போனில் சொல்லியிருந்தான். அவன் எதையும் சிம்பிள் என்று சொன்னால் அவன் அக்கா, அதாவது ஓட்டுநரின் மனைவி, உடனே ஒரு பெருமூச்சு விடுவாள்.

இதில் விளையாட்டுக்கு மேல் ஒரு விஷயம் இருந்தது. எதிர் வீட்டு மாடியில் சிட்டுவின் வகுப்புத் தோழி படுத்திருந்தாள். இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு. விடுமுறை முழுவதும் கட்டிலும் ஜன்னலும்தான். சனிக்கிழமை காலை அவளை வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகிறார்கள். திரும்பி வர மாதக்கணக்காகும். கட்டிலில் இருந்து அவளுக்குத் தெரிவது ஓட்டுநர் வீட்டு முகப்பு ஒன்றுதான். இரண்டு சிறுமிகளும் ஜன்னல் வழியாகச் சைகையில் பேசிக்கொள்வார்கள். தலைமேல் இரண்டு விரலை நிமிர்த்தினால் முயல். அதை முன்னால் வளைத்துக் குதிக்கவிட்டால், 'முயல் எப்ப குதிக்கும்?'

"நீ போறதுக்குள்ள குதிக்கும்" என்று சிட்டு கையாலேயே சத்தியம் பண்ணிவிட்டாள்.

முயல் குதிக்கவில்லை.

முதல் நாள் மாலை ஓட்டுநர் சுவிட்சைப் போட்டார். கேட்டில் முயல் எரிந்தது, சுவரில் முயல் எரிந்தது, அடுத்தது எரியாமல் இரண்டும் உட்கார்ந்துகொண்டன. நிலா அணைந்து எரிந்தது. போனில் சிவப்பு எழுத்தில், 'முயல் மூன்று இணைப்பில் இல்லை' என்று வந்தது.

"ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அத்தான்" என்றான் மைத்துனன்.

பண்ணினார். இப்போது ஐந்தாவது முயல் எரிந்தது, முதல் முயல் போய்விட்டது.

"ரவுட்டரைக் கொஞ்சம் உயரமா வைங்க."

உயரமாக வைத்தார். ஜன்னலில் வைத்தார். பிறகு துணிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். காற்றில் அது ஆடும்போதெல்லாம் முயல்கள் எரிகின்றனவா என்று குடும்பமே வெளியில் நின்று பார்த்தது.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எந்த நோய்க்கும் முதலில் தேவையில்லாததை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது அவள் பழக்கம். "டி.வி.யை நிறுத்துங்க. என் போனையும் அணைச்சுடறேன். நிலாவும் நட்சத்திரமும் இன்னைக்கு லீவு" என்றாள். அப்படிச் செய்ததில் ஐந்து முயல்கள் ஒழுங்காக வரிசையில் வந்தன. கேட்டிலிருந்து கிளம்பிய முயல் சுவரேறி, சன்ஷேடு தாண்டி, பால்கனிக் கைப்பிடி வரை அழகாகக் குதித்து, அங்கிருந்து தாவி அந்தரத்தில் மறைந்தது. மறுபடி கிளம்பியது, மறுபடி மறைந்தது.

"அப்பா, நிறுத்துங்கப்பா. ஒவ்வொரு தடவையும் செத்துப் போகுது" என்றாள் சிட்டு. எதிர் ஜன்னலில் இருந்து தோழி கையசைப்பதற்குள் ஓட்டுநர் மெயினையே அணைத்தார்.

மறுநாள் அவர் இணையக் கம்பெனிக்குப் போன் செய்தார். அந்தக் கம்பெனியில் புகார்ப் பிரிவு என்று முன்பு ஒன்று இருந்தது. இப்போது அதற்கு அகமகிழ்வுப் பிரிவு என்று பெயர். சங்கீதம் கேட்டுக்கொண்டு ஒரு நடை பஸ் போய்வரும் நேரம் காத்திருந்தார். பிறகு ஒரு பெண்குரல் வந்தது.

"வணக்கம். உங்கள் அகமகிழ்வுக்கு நான் பொறுப்பு. இன்று உங்களை எப்படி மகிழ்விக்கலாம்?"

"முயல் குதிக்க மாட்டேங்குதும்மா."

குரல் பயிற்சி பெற்ற குரல். "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. முயலை ஒருமுறை அணைத்து மறுபடி எழுப்பினீர்களா?"

"எழுப்பினோம்மா. எல்லாத்தையும் போட்டா மூணாவது முயல்தான் சேர மாட்டேங்குது."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. குரலில் இருந்த பயிற்சி கொஞ்சம் கழன்றது. "சார், உங்க வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க?"

"மூணு பேரு."

"எங்க சிஸ்டத்துல பதினாலு பேர் காட்டுதே சார். நீங்க எடுத்திருக்கறது சிறு குடும்பத் திட்டம். அதுல ஆறு பேருக்குத்தான் இடம். ஆறுக்கு மேல போனா அது குடும்பம் இல்ல சார், விடுதி. விடுதின்னா வேற திட்டம்."

"யார் யாரும்மா காட்டுது?"

"உங்க போன், இன்னொரு போன், டி.வி. அப்புறம் முயல் ஒண்ணு, முயல் ரெண்டு... ஏழு வரைக்கும் இருக்காங்க. கூட்டுக் குடும்பமா சார்?"

"அதெல்லாம் விளக்கும்மா."

"நிலான்னு ஒருத்தர் இருக்காங்களே. உங்க பொண்ணா?"

"அதுவும் விளக்குதாம்மா. எங்க பொண்ணு பேரு சிட்டு."

"இந்த முயல் மூணுங்கறவர் ரொம்பப் பிடிவாதக்காரர் சார். இடம் இல்லன்னு சொல்லச் சொல்ல, விடாம வந்து கதவைத் தட்டிக்கிட்டே இருக்கார். அவரை எங்க சிஸ்டம் சந்தேகப் பட்டியல்ல வச்சிருக்கு."

ஓட்டுநருக்கு அந்த முயல்மீது அந்த நிமிடமே ஒரு பாசம் உண்டாயிற்று. ஓடி வந்து கையைக் காட்டுகிறவர்கள்மேல் அவருக்கு எப்போதும் உள்ள பாசம்தான்.

"இப்ப நான் என்னம்மா செய்யணும்?"

"ரெண்டு வழி சார். விடுதித் திட்டத்துக்கு மாறலாம். அதுக்கு வரவேற்பறை, தீ அபாயப் படிக்கட்டு, விடுதி லைசென்ஸ் வேணும். இல்லன்னா கூடுதலா இருக்கறவங்க ஒவ்வொருத்தரும் வயது வந்தவங்கன்னு உறுதி தரணும். அவங்க போனுக்கு ஒரு எண் வரும், அதை எங்களுக்குப் படிச்சுக் காட்டினா போதும். முயல் மூணுக்குப் போன் இருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப அவர் நேர்ல வரணும் சார். அதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்குக் கள ஆய்வாளர் வருவார். வேறு ஏதாவது மகிழ்ச்சி வேண்டுமா?"

இவ்வளவு போதும் என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் போனை வைத்தார்.

கள ஆய்வாளர் உச்சி வெயிலில் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். விளக்குகளை வெளியில் நின்று பார்த்தார்.

"எரியலையே?"

"பகல்ல எரிய விடறதில்லைங்க. சாயங்காலம் வந்தீங்கன்னா..."

"சாயங்காலம் எனக்கு டியூட்டி இல்ல. எரியாத விளக்குல என்ன பிரச்சினைன்னு நான் எப்படிப் பாக்கறது? பிரச்சினை கண்ணுக்குத் தெரியல." அப்படியே டேப்லெட்டில் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். படுக்கையறையை எட்டிப் பார்த்தார். "பதினாலு பேரும் எங்க படுப்பாங்க?"

"மூணு பேருதாங்க. இதோ மூணு தலையணை."

ஆய்வாளர் தலையணைகளை எண்ணினார். சிட்டு ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "நல்ல புள்ள" என்று மனதாரச் சொன்னார். பிறகு மனதை ஓரமாக வைத்துவிட்டு அறிக்கையை முடித்தார். போகும்போது மனைவி அவர் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டாள். 'தலையணைகள் மூன்று. மற்றவர்கள் தலைமறைவு.'

வெள்ளிக்கிழமை ஓட்டுநர் லீவு போட்டார். மூன்றாவது முயலைச் சன்ஷேடிலிருந்து கழற்றி இறக்கினார். இறக்கும்போது அதன் ஒரு காது கம்பி மடங்கிவிட்டது. சிட்டு அதைத் தன் பழைய ஸ்வெட்டரில் சுற்றிக்கொண்டாள். அப்பாவும் மகளும் முயலும் பஸ்ஸில் போனார்கள். கண்டக்டர் தெரிந்தவர். "என்ன அண்ணே, குடும்பத்தோட?" என்றார்.

"ஆமாப்பா. இவரு நேர்ல வரணுமாம்" என்று ஓட்டுநர் முயலைக் காட்டினார். கண்டக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. கண்டக்டர்கள் நிறைய பார்த்தவர்கள்.

கம்பெனி அலுவலகத்தில் ஏ.சி. குளிரில் பற்கள் தந்தியடித்தன. வாசலில் ஒரு பலகை: 'இணைப்பு இல்லாதவர்கள் தயவுசெய்து இணையம் வழியாக டோக்கன் எடுக்கவும்.' செக்யூரிட்டி இருபக்கமும் பார்த்துவிட்டு, தன் சொந்தப் போனில் ஓட்டுநருக்கு ஒரு டோக்கன் எடுத்துக் கொடுத்தார். "எல்லாருக்கும் நான்தான் எடுத்துக் கொடுக்கறேன். மேல இருக்கறவங்க, திட்டம் அருமையா வேலை செய்யுதுன்னு சந்தோஷமா இருக்காங்க" என்றார்.

பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் கட்டு. மடியில் ஒரு அழுக்குத்துணிப் பை. அதற்குள் சதுரமாக ஏதோ.

"தம்பி, அது என்ன முயலா?"

"ஆமாக்கா. வயசு சரிபாக்கணுமாம்."

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு இது மூணாவது வாரம். பஸ் டெப்போ ரோட்டுல நம்ம சலவைக் கடைக்கு இவங்க லைனைத்தான் வச்சிருந்தேன். வேணாம்னு நிறுத்திட்டேன். லைனை நிறுத்தினா பெட்டியைத் திருப்பிக் குடுக்கணும்ல? குடுக்க வந்தா, வாடிக்கையாளர் மட்டும்தான் பெட்டியைக் குடுக்க முடியுமாம். நான்தான் நிறுத்திட்டேனே, வாடிக்கையாளர் இல்லையாம். வாடிக்கையாளர் இல்லாதவங்ககிட்ட பொருள் வாங்கினா அது லஞ்சமாம்."

"கையில என்னக்கா கட்டு?" என்று கேட்டாள் சிட்டு.

"அக்கா இல்லடி, உனக்கு அத்தை." கையைத் தூக்கிக் காட்டினார். "கடை வாசப்படிதான். படிக்கு மேல ஒரு பல்பு இருந்துச்சு, போயிடுச்சு. விடியறதுக்கு முன்ன கடை திறக்கணும், ஒரே இருட்டு. ஏணி இல்ல, இருந்தாலும் ஏற பயம். ஆளைக் கூப்பிட்டா, ஒரு பல்புக்கு எவன் வரான்? மூட்டையோட உருண்டுட்டேன். துணிக்கு ஒண்ணும் ஆகல."

"உங்களுக்கு ஆச்சே."

"துணி அடுத்தவங்களோடது. நான் என்னோடதுதானே?"

அந்த அம்மாளின் பேச்சில் இருந்த நியாயத்தை ஓட்டுநர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். விடுமுறைக் கூட்டம் என்பதால் இருவர் இருவராக மகிழ்விக்கும் ஏற்பாடு.

உள்ளே தலைமை அகமகிழ்வு அலுவலர் இருந்தார். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. மேசைமேல் சிறந்த சேவைக்கான கோப்பைகள் வரிசையாக இருந்ததால் அவருடைய முகம் இடையிடையேதான் தெரிந்தது.

"உட்காருங்கள். முயல் மூன்று வந்திருக்கிறாரா?"

சிட்டு ஸ்வெட்டரைப் பிரித்து முயலை மேசையில் வைத்தாள்.

அலுவலர் கேமராவை அதன் பக்கம் திருப்பினார். "உயிரோடு இருப்பதை உறுதி செய்ய வேண்டும். பிளக் அங்கே இருக்கிறது." ஓட்டுநர் செருகினார். முயல் எரிந்தது. கணினி சிறிது யோசித்துவிட்டு, 'முகம் பழைய புகைப்படத்தோடு பொருந்தவில்லை' என்றது.

"பழைய போட்டோ இல்லீங்களே."

"அதனால்தான் பொருந்தவில்லை. பரவாயில்லை. பிறந்த தேதி?"

ஓட்டுநர் முயலின் முதுகைத் திருப்பி, தயாரித்த மாதத்தைப் படித்தார். சென்ற வருடம்.

அலுவலர் வருத்தத்தோடு தலையாட்டினார். "பதினெட்டு ஆகவில்லை. காப்பாளர் கையெழுத்து வேண்டும். காப்பாளர் என்றால் தயாரித்த கம்பெனி. அவர்களும் நேரில் வர வேண்டும்."

"ஐயா, நாளைக்குக் காலைல ஒரு குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகுது. போறதுக்குள்ள இது குதிக்கறதை ஒரு தடவை பாத்துட்டா..."

"ஐயா, என்னைத் தவறாக நினைக்காதீர்கள்." அலுவலர் நாற்காலியில் நிமிர்ந்தார். இதைப் பல கூட்டங்களில் பேசியிருக்கிறார் என்பது அவர் கைகள் தாமாக எழுந்ததிலேயே தெரிந்தது. "இணைப்பு கொடுப்பது எந்தக் கம்பெனியும் செய்யக்கூடிய வேலை. நாங்கள் அதைத் தாண்டி வந்துவிட்டோம். நாங்கள் கொடுப்பது, இணைப்பு இருக்கிறது என்ற உணர்வு. சென்ற வருடம் எங்களுக்கு லட்சத்துக்கு மேல் புகார்கள். இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. எப்படி? புகார் என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். இப்போது வருவதெல்லாம் அனுபவப் பகிர்வு. உங்களுடையதும் மிக நல்ல அனுபவம். இதை நான் குழுவின் முன் வைக்கிறேன். விடுமுறை முடிந்ததும் குழு கூடும்."

சிட்டு கோப்பைகளுக்கு நடுவில் தலையை நீட்டி அவரைப் பார்த்தாள். "அங்கிள், முயலு எங்க வீட்டுல இருக்கு. குதிக்கப் போறது எங்க வீட்டுச் சுவத்துல. அதுக்கு எதுக்கு உங்களைக் கேக்கணும்?"

அலுவலர் முயலைக் கையில் எடுத்து, அதன் மடங்கிய காதை இரண்டு விரலால் பக்குவமாக நிமிர்த்தினார். "நல்லா குதிக்குமா?" என்று மெல்லக் கேட்டார்.

"ம். நிலா வரைக்கும்."

அவர் அதைச் சிட்டுவிடம் கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். மறுபடி அலுவலர் ஆகிவிட்டார். "அடுத்தவர்."

அடுத்தவர் பக்கத்திலேயே இருந்தார். பையிலிருந்து பழைய ரவுட்டரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அம்மா, உங்கள் விஷயம் முடிந்துவிட்டது. நேற்றுதான் பதிவேடுகளைச் சுத்தம் செய்தோம். நிறுத்தப்பட்ட இணைப்புகளின் பெட்டிகள் எல்லாம் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. இப்படி ஒரு பெட்டி எங்களிடம் இருந்ததே இல்லை."

"அப்ப இது யாரோடது?"

"எங்களுடையது இல்லை. பதிவின்படி, இது இல்லை."

"கண்ணுக்கு முன்னால இருக்கே சார்."

"கண்ணுக்கு இருக்கிறது. கணக்கில் இல்லை."

"யாருக்காவது குடுத்தா கேஸ் போடுவீங்களா?"

அலுவலர் சிரித்தார். "இல்லாததை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் அம்மா."

வெளியே வந்ததும் அந்த அம்மாள் பெட்டியைப் பெஞ்சில் வைத்தார். மூன்று வாரப் பாரம் இறங்கிய முகம். "இதைக் குப்பையிலயும் போட மனசு வரல தம்பி. லைனை நிறுத்தினப்புறம்கூட, கடையில என் பில் மெஷினும் போனும் இது வழியாத்தான் பேசிக்கிட்டிருந்துச்சு. எப்படின்னு கேக்காதீங்க. கரன்ட்டு மட்டும்தான் குடுத்தேன்."

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "கம்பெனியைக் கேக்காமயேவா அத்தை?"

"கம்பெனிதான் அறுத்துட்டானே."

"அப்பா!" என்றாள் சிட்டு. "மெஷினும் போனும் பேசுச்சுன்னா, முயலும் முயலும் பேசாதா?"

ஓட்டுநர் அந்தப் பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஏணியின் மேல் நின்று அவர் "ம்ம்" சொன்ன கேள்விதான் சுற்றி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. முயலுக்கு வெளியுலகத்தோடு எந்தப் பேச்சும் இல்லை. வீட்டுக்குள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொது இடம் வேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்தின் வாசலில்தான் கம்பெனி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

"அக்கா, இதை..."

"எடுத்துக்கிட்டுப் போங்க."

"இதுக்கு நான் என்ன..."

"ஒண்ணும் வேணாம். மூணு வாரமா சுமந்துட்டேன். நீங்க வாங்கிக்கிட்டதே எனக்கு உபகாரம்." சிட்டுவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, கடையில் வேலை கிடக்கிறது என்று வேகமாகப் போய்விட்டார். படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்து, பார்த்துப் பார்த்து இறங்கினார். ஓட்டுநர் அதைக் கவனித்தார்.

பொழுது சாயும் நேரத்தில் மூன்றாவது முயல் சன்ஷேடுக்குத் திரும்பியது; இல்லாத பெட்டி ஓட்டுநர் வீட்டு அலமாரியில் ஏறியது. கம்பெனி ஒயர் எதுவும் அதில் செருகவில்லை. கரன்ட்டு மட்டும். அதன் அடியில் ஒட்டியிருந்த பெயரையும் கடவுச் சொல்லையும் மனைவி வாசிக்க, ஓட்டுநர் ஏணியில் ஏறி நிலா, நட்சத்திரங்கள், முயல்கள் என்று ஒவ்வொன்றின் முதுகிலும் குட்டிப் பொத்தானை அழுத்தி, புதிய இடத்தில் சேர்த்தார். தண்ணீர்த் தொட்டியில் தொடங்கிக் கேட் வரை இறங்கி வந்தார். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டே, "பாத்து, பாத்து. நீங்களும் குதிச்சுடாதீங்க" என்றாள்.

போன் ஒரு மஞ்சள் முக்கோணம் காட்டி எச்சரித்தது: 'இணையம் இல்லை.' முயல்களுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எரிந்தன.

"எரியுது! எரியுது!" என்று கத்திய சிட்டு உடனே தலையில் கை வைத்தாள். "ஐயோ அப்பா! முயல் கீழ விழுது!"

உண்மைதான். நிலாவிலிருந்து புறப்பட்ட முயல், தொட்டி, மாடி, பால்கனி என்று ஒவ்வொரு படியாக இறங்கிக் கேட்டருகில் வந்து நின்றது. மேலிருந்து கீழே சேர்த்ததால் மேலே இருந்ததே முதல் முயலாகிவிட்டது. எதிர் ஜன்னலில் திரை விலகியிருந்தது. தோழி இரண்டு விரலைக் காதாக வைத்து, அதைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துக் காட்டினாள். தோள்கள் குலுங்குவதிலிருந்து சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

"நிலாவுல அதுக்கு வேலை முடிஞ்சிருச்சு போல" என்றாள் மனைவி.

ஓட்டுநர் கேட்டருகே தரையில் உட்கார்ந்து, போனில் வரிசையைத் தலைகீழாக்கினார்.

கேட்டில் முயல் எரிந்தது. சுவருக்குத் தாவியது. சன்ஷேடில், காது நிமிர்ந்த மூன்றாவது முயல், கதவைத் தட்டித் தட்டிச் சலிக்காத அந்த முயல், முறை தவறாமல் எரிந்தது. பால்கனி, கைப்பிடி. முன்பு செத்துப்போன இடம் வந்ததும் சிட்டு கண்ணை மூடிக்கொண்டாள். முயல் தாவியது. மாடியில் இறங்கியது. தொட்டியில் ஏறி நின்றது. நிலா பளிச்சென்று எரிந்தது.

எதிர் ஜன்னலில் இரண்டு விரல் காதுகள் துள்ளின. அவள் பின்னால் நின்றிருந்த அவளுடைய அம்மாவும் இரண்டு விரலைத் தலைமேல் வைத்தார். கீழே ஓட்டுநரும் வைத்தார். அவர் மனைவி, யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைப் பார்த்துவிட்டு, தானும் வைத்தாள். தோழி தூங்கும்வரை முயல் நிலாவுக்குப் போய்வந்துகொண்டே இருந்தது. காலையில் வண்டி கிளம்பியபோது, பின்கண்ணாடியில் இரண்டு விரல் தெரிந்தது.

"நான் முதல்லயே சொன்னேன்ல அத்தான்? சிம்பிள்னு" என்றான் மைத்துனன். அவன் அக்கா பெருமூச்சு விட்டாள்.

அன்றே கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. முயல்கள் புது இடத்துக்குக் குடிபோனதை அவர்களுடைய சிஸ்டம் கவனித்திருந்தது. 'வாழ்த்துகள்! தங்கள் இல்லத்தில் கூடுதலாகத் தங்கியிருந்த அனைவரும் சுமுகமாக வெளியேறியதை அறிந்து மகிழ்கிறோம். முயல் மூன்று அவர்களின் ஒத்துழைப்புக்கு நன்றி. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

"நம்மகிட்ட மூணுதான் இருக்கு" என்று சிட்டு மூன்றை அழுத்தினாள். அந்த மாதத்தின் சிறந்த அனுபவப் பகிர்வாக அது தேர்வாகி, அலுவலரின் மேசைக்கு இன்னொரு கோப்பை வந்ததாகப் பின்னால் செக்யூரிட்டி சொன்னார்.

விடுமுறை முடிந்து முதல் வேலைநாள். ஓட்டுநர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக எழுந்தார். மடக்கு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பையில் ஒரு பல்பும் கொஞ்சம் டேப்பும் எடுத்துக்கொண்டு, டெப்போ போகும் வழியில் இருந்த சலவைக் கடைப் பக்கம் திரும்பினார். கடைக்கு ஷட்டர் போட்டிருந்தது. தெருவில் ஒரு பூனைகூட இல்லை. மேலேயிருந்து பார்க்கிறவரைச் சாட்சிக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் இல்லை.

ஏறி, செத்த பல்பைக் கழற்றினார். பிடியில் ஒயர் தளர்ந்திருந்தது. முடுக்கி, டேப் சுற்றினார். புது பல்பை மாட்டினார். ஷட்டருக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பழைய சுவிட்ச். போட்டுப் பார்த்தார். யாரையும் கேட்காமல் எரிந்தது. படி முழுவதும் வெளிச்சம், விளிம்பில் பெயர்ந்திருந்த மூலைகூடத் தெரிந்தது. அணைத்துவிட்டு, ஏணியை மடக்கிக்கொண்டு நடந்தார்.

முதல் நடையில் பஸ் அந்த வழியாக வந்தபோது இன்னும் விடியவில்லை. படிக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சலவைக் கடை அக்கா துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, படியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணே ஸ்லோ பண்றீங்க? யாரும் கையைக் காட்டலையே" என்றார் கண்டக்டர்.

"ரோடு சரியில்லப்பா" என்று ஓட்டுநர் கியரை மாற்றினார். ஹாரன் அடிக்கவில்லை.